மதியம் வரும் அசதி

மதியம் 2 மணிக்கு மேல் உடம்பு தளர்வது இயல்பு. உடலின் உள்கடிகாரமே அந்நேரம் சற்று இறங்குகிறது. தட்டு நிறைய வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்தால் அசதி இன்னும் கூடும். சோற்றைக் குறைத்து சுண்டல், முட்டை, மீன், கீரை என்று சேர்த்தால் ரத்தச் சர்க்கரை மெல்ல ஏறும். சாப்பிட்டபின் 10 நிமிடம் நடப்பது மிகவும் நல்லது: இயங்கும் கால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன.

பல ஆண்கள் அசதிக்கு டீக்கடையைத்தான் நாடுகிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டுகிறது. டீ, காபியிலுள்ள காஃபின் அதை நீக்குவதில்லை. அடினோசின் வேலை செய்யும் இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். மாலை 6 மணிக் காபி இரவு 11 மணிக்கும் உடம்பில் மிச்சமிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் டீ எண்ணிக்கை ஏறும். டீ, காபியைப் பிற்பகல் 2 மணியோடு நிறுத்திக்கொள்வதே சரி. இரவில் மது குடித்தால் சீக்கிரம் கண் அசந்தாலும், பின்னிரவில் தூக்கம் கலையும்.

7 மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறவர் பலத்த குறட்டையும் விட்டால், வீட்டார் அதைக் கேலியாகத் தள்ளிவிடக் கூடாது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஆண்களிடமே அதிகம். அதற்குச் சிகிச்சை உண்டு. அசதி தரக்கூடிய ரத்தசோகை, தைராய்டு கோளாறு, சர்க்கரை நோய் ஆகியவற்றையும் மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் கண்டறிவார்.