சைலன்சருக்குள் மூப்படையும் பிளாட்டினம்

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பக்கம் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே ஓடும் டிப்பர் லாரிகளைப் பாருங்கள். குறுகிய ஓட்டம், பிறகு எஞ்சினை அணைக்காமலே லோடுக்கு வரிசையில் நிற்பது. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்-6 விதிப்படி செய்த லாரியென்றால், அதன் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிகளுக்கு இதைவிட மோசமான பிழைப்பு கிடையாது.

முதலில் இருப்பது பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய பீங்கான் கட்டி. கார்பன் மோனாக்சைடையும் எரியாத டீசலையும் எரிப்பது அதன் வேலை. சுமார் 200 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். நின்றபடி உறுமும் எஞ்சினின் புகையில் அந்தச் சூடு இருக்காது. அடுத்துள்ள வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் டீசலை அனுப்ப, முன்னால் உள்ள வினையூக்கி அதை எரித்து, வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரிக்கு ஏற்றிக் கரியைத் தீர்க்கும். ஓட்டுநர்கள் ‘ரீஜென்’ என்பது இதைத்தான்.

பிளாட்டினம் உருகுவதோ 1,768 டிகிரியில். 600 அதை என்ன செய்துவிடும்? கட்டியாக இருந்தால் ஒன்றும் செய்யாது. இங்கே அது அலுமினாப் பூச்சின் மேல் சில நானோமீட்டர் துகள்களாகத் தூவப்பட்டிருக்கிறது. அந்த அளவில் அணுக்கள் சீக்கிரமே இடம்பெயரும். சூடான ரசத்தில் எண்ணெய்த் துளிகள் ஒன்றாவதுபோல் துகள்கள் கூடிப் பெருக்கும். 2 நானோமீட்டர் துகளில் ஏறக்குறைய பாதி அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும். 20 நானோமீட்டரானால் சுமார் 5 சதவீதம்தான். எடை அப்படியே இருக்கும், வேலை போய்விடும். பல்லேடியம் சேர்ப்பதற்கு ஒரு காரணம், இந்தக் கூடலை அது தாமதப்படுத்துவது.

வடிகட்டிக்குப் பின்னால், யூரியா கரைசலைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாக்கும் வினையூக்கி. பழைய வெனேடியம் வகை ரீஜென் சூட்டில் நெடுநாள் தாங்காது. தாமிரம் ஏற்றிய சியோலைட் என்ற நுண்துளைப் படிகம் தாங்குகிறது. அதன் துளை 0.38 நானோமீட்டர்தான், சூடான நீராவி சட்டகத்திலிருந்து அலுமினியத்தைப் பெயர்த்தாலும், அது அந்தத் துளை வழியே எளிதில் வெளியேற முடியாது என்பது விளக்கம். இந்தத் துறையிலேயே அழகான தீர்வு இதுதான் என்பேன்.

எந்தச் சரக்குக்கும் எல்லை உண்டு. மிதமிஞ்சிச் சேர்ந்த கரி தறிகெட்டுப் பற்றினால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும். அலுமினாப் பூச்சே சுருங்கி அடைந்துபோகும். ஒழுகும் இன்ஜெக்டரும் இதே கேட்டைச் செய்யும். எனவே லாரி உரிமையாளர்களே, இன்ஜெக்டரைக் காலத்தில் பாருங்கள். ரீஜென் நடக்கையில் வண்டியை அணைக்காதீர்கள். லோடுக்குக் காத்திருக்கையில் அணைத்துவிடுங்கள்.