செயலிக்கும் வேண்டும் நன்னடத்தைச் சான்று

வேறு பள்ளியிலிருந்து ஒரு மாணவர் சேர வந்தால் மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்க்கிறோம். அதில் நடத்தை பற்றிய குறிப்பும் இருக்கும். ஆனால், வாட்ஸ்ஆப் குழுவில் "எல்லாரும் இதை நிறுவிக்கொள்ளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு வரும் செயலியிடம் நாம் எந்தச் சான்றும் கேட்பதில்லை. மாணவர் விவரங்கள், பெற்றோரின் எண்கள், நமது வங்கிக் கணக்கு என அனைத்தும் உள்ள கைப்பேசியில் அது குடியேறிவிடுகிறது.

வங்கி, போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் ஏபிகே கோப்புகளை அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடிகள் நம் நாட்டில் தொடர்ந்து நடக்கின்றன. அத்தகைய செயலிக்குக் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி அதற்கும் தெரிந்துவிடும்.

சான்று எங்கே கிடைக்கும்?

ஒரு மென்பொருளின் நற்பெயரைத் தானாகவே சோதித்துச் சொல்லும் கருவிகள் உள்ளன. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது வைரஸ்டோட்டல். 2004இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்ட இந்த இணையச் சேவை 2012இல் கூகுள் வசம் வந்தது. சந்தேகத்துக்குரிய கோப்பையோ இணைய முகவரியையோ அதில் கொடுத்தால், ஏறத்தாழ 70 வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் தனித்தனியே கூறும் முடிவை ஒரே பக்கத்தில் காட்டும். கட்டணம் இல்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்னும் கணக்கீட்டின்மூலம் 64 குறிகள் கொண்ட ஓர் அடையாளம் கிடைக்கிறது. இதைக் கோப்பின் கைரேகை எனலாம். பெயரை மாற்றினாலும் கைரேகை மாறாது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும். அதே கைரேகையுள்ள கோப்பை உலகில் வேறு யாரேனும் முன்பே சோதித்திருந்தால், அந்த அறிக்கை உடனே நம் கண்முன் வந்துவிடும்.

மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி?

70க்கு 30 என்று வந்தால் ஐயமே வேண்டாம், நிறுவக் கூடாது. 70க்கு 1 அல்லது 2 என்றால் அது தவறான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். சிறிய குழுக்கள் உருவாக்கும் நல்ல மென்பொருள்களுக்கும் இப்படி வருவதுண்டு. எச்சரித்தது எந்த நிறுவனம், என்ன காரணம் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

பூச்சியம் வந்தால்தான் நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். பூச்சியம் என்பதற்கு 'இதுவரை யாரும் குற்றம் காணவில்லை' என்பதே பொருள். அது 'நல்லது' என்ற உறுதிமொழி ஆகாது. நேற்று உருவாக்கிய தீய செயலிக்கு இன்று கெட்ட பெயர் இருக்காது. எனவே, அக்கோப்பு முதன்முதலில் எப்போது சோதனைக்கு வந்தது என்ற தேதியையும், செயலி கேட்கும் அனுமதிகளின் பட்டியலையும் சேர்த்தே பாருங்கள். வாய்ப்பாடு கற்பிக்கும் செயலிக்குக் குறுஞ்செய்தியும் தொடர்பு எண்களும் எதற்கு? இந்தக் கேள்வியைக் கருவி கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

எதைப் பதிவேற்றக் கூடாது?

இச்சேவையில் பதிவேற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களோடும் ஆய்வாளர்களோடும் பகிரப்படுகின்றன. ஆகவே மாணவர் பெயர்ப் பட்டியல், ஆதார் எண்கள், மதிப்பெண் பட்டியல் உள்ள கோப்புகளை 'வைரஸ் இருக்கிறதா பார்ப்போம்' என்று அதில் ஏற்றவே கூடாது. 2023இல் அந்நிறுவன ஊழியர் ஒருவரே வாடிக்கையாளர் பட்டியலைத் தவறுதலாகத் தங்கள் தளத்தில் ஏற்றியதால், ஆயிரக்கணக்கானோரின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் வெளியே சென்றன. மென்பொருளை மட்டும் சோதிப்போம், மாணவர் தரவைச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம்.

வகுப்பறையில்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இதை ஒரு பாடவேளைச் செயல்பாடாக்கலாம். ஒரே வாக்கியமுள்ள இரு கோப்புகளை மாணவர்கள் உருவாக்கட்டும். ஒன்றில் மட்டும் ஒரு புள்ளியைக் கூடுதலாக இடட்டும். பிறகு இரண்டின் கைரேகைகளையும் ஒப்பிடட்டும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இதைக் கணக்கிடும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஒரு புள்ளி 64 குறிகளையும் கலைத்துப்போடுவதைக் கண்ட மாணவர், 'பெயர் ஒன்றுதானே' என்று எந்தக் கோப்பையும் எளிதில் நம்பமாட்டார்.

நாம் பின்பற்ற வேண்டிய வரிசை இதுதான். செயலியைப் பிளே ஸ்டோரில் மட்டுமே தேடி, வெளியிட்டவர் பெயரைச் சரிபார்க்க வேண்டும். கைப்பேசியில் பிளே புரொடெக்ட் வசதியை அணைக்காமல் வைத்திருக்க வேண்டும். வேறு வழியில் வந்த கோப்பானால், நிறுவும் முன் சோதிக்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் நிறுவாமல் விட்டுவிடலாம். பணம் பறிபோனது தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். குழுவில் பகிரும் முன் இந்தச் சோதனையைச் செய்தால், நம்மோடு சேர்த்து நம்மை நம்பி அதை நிறுவும் பெற்றோரும் தப்புவார்கள்.