பள்ளிச் சபைக்கு யார் நிற்பது?

பிழைப்பை நாடிப் பிற மாநிலத்தில் குடியேறும் குடும்பம் முதலில் தேடுவது வாடகைக்கு ஒரு வீடு. அடுத்தபடியாகத் தேடுவது குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். பள்ளியில் இடம் கிடைத்துவிட்டால் பெரிய பாரம் ஒன்று இறங்கியது போல் இருக்கும். பாடம் சொல்லிக்கொடுப்பது உபாத்தியாயர் பொறுப்பு, கட்டடத்தைக் கவனிப்பது சர்க்காரின் பொறுப்பு என்று எண்ணி நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது தரப்பு ஒன்றும் உண்டு. பெற்றோரும் ஊராரும் தேர்ந்தெடுத்து அமைக்கும் சபையே அது. அந்தச் சபைக்குத் தேர்தல் என்றால், வோட்டுப் போடுவது யார், அதற்கு முன் வேட்பாளராக நிற்பதுதான் யார் என்பதைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

மக்களே பள்ளியை நிர்வகிக்க வேண்டும் என்ற கொள்கைக்கு இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உருவம் கொடுத்தது. போதிய பள்ளிகள் இல்லாத ஊர்களில் கல்விச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது வரிப்பணத்தைக் கொண்டு பள்ளிகளைக் கட்டலாம் என்று அச்சட்டம் கூறிற்று. மூன்றாண்டுக்கு ஒரு முறை தேர்தல். பார்லிமெண்டுத் தேர்தலில் பெண்களுக்கு 1918 வரை வோட்டே கிடையாது. ஆயினும் இந்தக் கல்விச் சபைகளுக்கு அவர்கள் வேட்பாளராகவே நிற்கலாம் என்று சட்டம் இடம் தந்தது.

அவ்வாண்டு நவம்பரில் லண்டன் கல்விச் சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. மொத்தம் 49 ஸ்தானங்கள். மேரிலிபோன் தொகுதியில் எலிஸபெத் காரெட் என்னும் பெண் வைத்தியர் நின்றார். அதே தொகுதியில் உலகப் புகழ் வாய்ந்த விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லியும் நின்றார். வோட்டுகளை எண்ணியபோது காரெட் அம்மையாருக்கு 47,858 வோட்டுகள் இருந்தன. இரண்டாவதாக வந்த ஹக்ஸ்லிக்கு 13,494. பெண்களின் உயர்கல்விக்காகப் பாடுபட்ட எமிலி டேவிஸ் என்னும் மற்றோர் அம்மையாரும் கிரீன்விச் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறு எந்த வாசலும் திறவாத காலத்தில் பள்ளிச் சபையின் வாசல் திறந்திருந்தது. நுழையத் துணிந்தவர்கள் நுழைந்தார்கள். பொது வாழ்வில் இடமில்லாத ஒரு வகுப்பினர் முதற்படி ஏறுவதற்குப் பள்ளிக்கூடம் ஏற்ற இடம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதே ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்துச் சபைக்கு 15 ஸ்தானங்கள் இருந்தன. ஒவ்வொரு வோட்டருக்கும் பதினைந்து வோட்டுகள் உண்டு. அவற்றைப் பதினைந்து பேருக்குப் பகிர்ந்தும் அளிக்கலாம். ஒருவருக்கே குவித்தும் போடலாம். சிறுபான்மையோர் அடியோடு ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை இது. நகரத்தில் பெரும் பலம் படைத்த லிபரல் கட்சியினர், எல்லா ஸ்தானங்களையும் பிடித்துவிடலாம் என்று பதினைந்து பேரை நிறுத்தினார்கள். சர்ச்சைச் சேர்ந்த எதிர்த்தரப்பினர் எட்டுப் பேரை மட்டும் நிறுத்தினார்கள். சிறுபான்மையினரான கத்தோலிக்கர் தம் வோட்டுகளையெல்லாம் ஒருவருக்கே குவித்தார்கள். முடிவு என்ன? சர்ச் தரப்பில் நின்ற எட்டுப் பேரும் வென்றனர், கத்தோலிக்கரும் வென்றார், லிபரல்களுக்குக் கிடைத்தவை ஆறே ஸ்தானங்கள். மூன்றாண்டு கழித்து, 1873இல், அவர்கள் கணக்கைச் சரியாகப் போட்டுப் பெரும்பான்மை பெற்றார்கள். பலர் நின்று வோட்டைச் சிதறடிப்பதும் தோல்விக்கு வழி. ஒருவருமே நில்லாதிருப்பதோ தோல்வியை நாமே எழுதிக்கொடுப்பதாகும்.

இத்தகைய உற்சாகம் எங்கும் நீடிக்கவில்லை. தேர்தல் நடத்தினால் செலவு வரி கட்டுவோர் தலையில் விழும், ஊரில் மனஸ்தாபம் விளையும் என்று சொல்லி, பல ஊர்களில் பெரிய மனிதர்கள் முன்கூட்டியே கூடி ஸ்தானங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஸ்தானங்கள் எத்தனையோ வேட்பாளர்களும் அத்தனையே. ஆகவே போட்டி இல்லை. 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த சுமார் 2,500 சபைகளின் பொறுப்பு கவுண்டி, நகர சபைகளுக்கு மாற்றப்பட்டது. லண்டன் சபையும் 1904இல் முடிவுற்றது.

இங்கிலாந்து கைவிட்ட இம்முறை அமெரிக்காவில் இன்றும் இருந்துவருகிறது. அந்நாட்டில் ஏறக்குறைய 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் மக்களே தேர்ந்தெடுக்கும் சபை உண்டு. வரவு செலவுத் திட்டம், பாடப் புத்தகம், தலைமை அதிகாரியின் நியமனம் ஆகியவற்றை அச்சபையே முடிவு செய்கிறது. இவ்வளவு அதிகாரம் இருந்தும், பல இடங்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வோட்டளிக்க வருகிறார்கள். பெரிய மாவட்டங்களைக் கணக்கிட்டாலும் ஒரு ஸ்தானத்துக்குச் சராசரியாக இரண்டு வேட்பாளர்கள்கூட இருப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்கள் எதிர்ப்பாளரே இல்லாமல் நிரம்பிய ஆண்டுகளும் உண்டு.

ஏன் இப்படி? காரணங்கள் பல. முதலாவது, தேர்தல் நடக்கும் நாள். கட்சிச் சண்டை பள்ளிக்குள் புகலாகாது என்ற நல்ல எண்ணத்தோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தவாதிகள் பள்ளித் தேர்தலை மற்றத் தேர்தல்களிலிருந்து பிரித்து வேறு நாளில் வைத்தார்கள். கட்சி நுழையாமற் போயிற்றோ இல்லையோ, ஜனங்களும் வராமற் போனார்கள். வருபவர் குறைந்தால், தமக்கென ஒரு காரியம் உடைய சிறு கூட்டத்தின் வோட்டுக்கு அளவுக்கு மீறிய பலம் வந்துவிடுகிறது. இரண்டாவது, உழைப்பு அதிகம். ஊதியம் சொற்பம், பல இடங்களில் இல்லவே இல்லை. மாலை முழுதும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக் கூலி வேலை செய்பவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் இயலுமா? மூன்றாவது, பதவியில் இருப்பவரே மறுபடியும் நிற்கும்போது, தோற்பதற்காகவா நாம் நிற்க வேண்டும் என்று மற்றவர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஆத்திரம் பிறந்தால் மட்டும் நிலைமை மாறுகிறது. 2020இல் கொள்ளை நோய்க் காலத்தில் பள்ளிகளை மூடியதும் திறந்ததும் சச்சரவுக்கு இடமாயின. எந்தப் புத்தகத்தை நூல்நிலையத்தில் வைப்பது என்பதும் வழக்காயிற்று. அதன்பின் பல ஊர்களில் வேட்பாளர் கூட்டம் பெருகிற்று. அங்கத்தினரைப் பதவியிலிருந்து திருப்பி அழைக்கும் முயற்சிகளும் நடந்தன. போட்டி நல்லதுதான். ஆனால் கோபத்தை மட்டும் முதலாக வைத்து வரும் போட்டி, கோபம் தணிந்ததும் தானும் தணிந்துவிடும்.

குடியேறிய மக்களைப் பொறுத்தவரை நியூயார்க் நகரத்தின் அனுபவம் மிகவும் படிப்பினை தருவது. பள்ளி நிர்வாகம் பொதுமக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்ற குமுறலும், 1968இல் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தங்களும் அந்நகரைக் கலக்கின. 1969இல் ஒரு சட்டம் வந்தது. நகரம் முப்பதுக்கு மேற்பட்ட வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டாரத்துக்கு ஒன்பது பேர் கொண்ட சபை அமைந்தது. பள்ளியில் குழந்தை படித்தால் போதும், அமெரிக்கப் பிரஜையாக இல்லாத பெற்றோரும் வோட்டளிக்கலாம் என்று விதி செய்தார்கள். அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தாய் தந்தையருக்கு இது எத்தகைய வாய்ப்பு! ஆனால் 1970இல் நடந்த முதல் தேர்தலில் வந்தவர் ஏறத்தாழ ஏழில் ஒருவரே. 1990களில் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குத் தேய்ந்தது. சில சபைகள் வேண்டியவர்களுக்கு வேலை கொடுக்கும் இடங்களாக மாறின என்ற பழியும் சேர்ந்தது. 2002இல் அச்சபைகளை நீக்கச் சட்டம் பிறந்தது. அவற்றோடு குடியுரிமையற்ற பெற்றோரின் வோட்டுரிமையும் மறைந்தது. பயன்படுத்தாத உரிமையைக் காப்பாற்ற ஆள் கிடைப்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மேலே சொன்னவை போன்ற பெரிய சபைகள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு குழு உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சர்க்கார் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். மொத்த அங்கத்தினரில் பாதிப் பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளி நடைபெறும் விதத்தைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பது ஆகியவை குழுவின் கடமைகள். சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு இல்லை. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளிலும் மற்ற உதவி பெறும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம் என்று 2012இல் திருத்தம் செய்யப்பட்டது.

இச்சட்டத்தில் பிற மாநிலத் தமிழர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குழுவில் இடம் பெறத் தகுதி எது? பிள்ளை அந்தப் பள்ளியில் படிப்பதே தகுதி. அந்த ஊரில் பிறந்தவரா, வோட்டர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, வீட்டில் என்ன பாஷை பேசுகிறார் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. மேலும், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவரவர் விகிதப்படி இடம் தர வேண்டும் என்கிறது. நலிவுக்குரிய காரணங்களில் மொழியையும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதனை ஏற்று அறிவிப்பது அந்தந்த மாநில சர்க்காரின் கையில் இருக்கிறது.

சட்டம் நாற்காலியைப் போட்டுவிடும். உட்காரும் ஆளை அனுப்பாது. பல பள்ளிகளில் குழு அமையும் விதம் நாம் அறியாததல்ல. ஒரு நாள் கூட்டம் கூடும். வந்தவர் சிலர். தலைமையாசிரியர் ஒரு பட்டியலை வாசிப்பார். யாரும் மறுக்க மாட்டார்கள், குழு அமைந்துவிடும். தாம் அங்கத்தினர் என்பதே தெரியாத தாய்மாரும் உண்டு. டில்லி சர்க்கார் பள்ளிகளில் 2010களில் பெற்றோர் முறையாக வோட்டுப் போட்டு, பதினாறு பேர் கொண்ட குழுவுக்குப் பன்னிரண்டு பெற்றோரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வாறு தேர்தல் நடந்தால், பட்டியலை வாசிக்கும் முன்பே பெற்றோர் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள நேரிடுகிறது. அதுவே பாதிப் பயன்.

நம்மவர் தயங்குவதற்குப் பெரிய காரணம் பாஷை. கூட்டம் ஹிந்தியில் நடக்கிறது, மராத்தியில் நடக்கிறது, கன்னடத்தில் நடக்கிறது. எழுந்து பேசினால் பிழை வருமே என்ற கூச்சம். ஆனால் காய்கறிக் கடையில் விலை பேசவும், வேலை செய்யும் இடத்தில் கூலி கேட்கவும் நாம் எந்த இலக்கணத்தைப் பார்த்தோம்? குடிநீர்த் தொட்டி பழுதாயிருக்கிறது, பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை இல்லை, கணக்கு வாத்தியார் மூன்று மாதமாக இல்லை என்று சொல்ல அந்த ஊர்ப் பேச்சு போதும்.

தமிழுக்காகக் கேட்க வேண்டியதும் உண்டு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசியல் சட்டத்தில் 350அ என்னும் ஷரத்து சேர்ந்தது. ஒரு வகுப்பில் பத்துப் பேர் அல்லது ஒரு பள்ளியில் நாற்பது பேர் இருந்தால் அம்மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று 1949இலேயே மாகாணக் கல்வி மந்திரிகள் தீர்மானித்திருந்தார்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்திவந்திருப்பதும், அவற்றுள் தமிழ் ஒன்று என்பதும் அங்குள்ள நேயர்கள் அறிந்ததே. இத்தகைய வகுப்பு நிலைத்திருக்க வேண்டுமானால், எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டி, குழுவில் எழுந்து கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் தமிழர் குறையை மட்டும் பேசுபவராக அவர் இருந்தால் மற்றவர் வோட்டு அவருக்கு வராது. வரவேண்டிய நியாயமும் இல்லை. எல்லாப் பிள்ளைகளின் கூரையும் ஒழுகாதிருக்கப் பாடுபடுபவர் தமிழுக்கும் பேசினால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

எனவே, அடுத்த முறை குழு அமைக்கும் கூட்டம் என்றைக்கு என்று பள்ளியில் கேட்டு வையுங்கள். அக்கம்பக்கத்துப் பெற்றோர், எம்மொழியினராயினும், நாலு பேர் முன்கூட்டியே கூடி, நேரமும் பொறுமையும் உள்ள ஒருவரையோ இருவரையோ நிற்கச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பத்துப் பேர் நின்று வோட்டைச் சிதறடிக்கவும் வேண்டாம். யாரோ நிற்பார்கள் என்று எல்லோரும் வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம். நின்றவர் தோற்றுப் போனால்? அதனால் குறைவில்லை. தம்மை எதிர்த்து ஒருவர் நின்றார், மறுபடியும் நிற்பார் என்று அறிந்த அங்கத்தினர் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார்; கணக்கையும் கேட்டுப் பார்ப்பார். ஆகையால் தோற்றவரும் அந்தப் பள்ளிக்குத் தொண்டு செய்தவரே ஆவார்.