பல்லைக் காட்டியதால் வந்த வினை

2019 ஏப்ரல் 30 அன்று ‘சோனிக் த ஹெட்ஜ்ஹாக்’ படத்தின் முதல் டிரெய்லர் வெளியானது. கதையைப் பற்றியோ ஜிம் கேரியின் வில்லத்தனத்தைப் பற்றியோ பேச யாருக்கும் பொறுமை இல்லை. பேச்செல்லாம் பல்லைப் பற்றித்தான். நீல நிற முள்ளெலி ஒன்று வாயைத் திறக்கிறது. உள்ளே வரிசையாக மனிதப் பற்கள். பார்த்தவர்கள் அலறினார்கள்.

சோனிக், ஜப்பானின் சேகா நிறுவனம் 1991-இல் உருவாக்கிய வீடியோ கேம் நாயகன். விளையாட்டில் அவனுக்கு இரண்டு கண்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரே வெள்ளைப் பரப்பு, அதில் இரண்டு கருமணிகள். பெரிய தலை, குச்சிக் கால், வெள்ளைக் கையுறை, சிவப்பு ஷூ. எந்த முள்ளெலியும் இப்படி இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. ஆனால் பிள்ளைகள் விரும்பியது அந்த அபத்தத்தைத்தான். படம் எடுத்தவர்கள் அதைத் திருத்தப் புறப்பட்டார்கள். நிஜ மனிதர்களோடு நிஜத் தெருவில் ஓடப் போகிறவன் கொஞ்சம் நிஜமாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள் போலும். கண்களைப் பிரித்துச் சிறிதாக்கினார்கள். காலுக்குச் சதை வைத்தார்கள். கையுறையைக் கழற்றினார்கள். கடைசியில் அந்தப் பல்.

இரண்டே நாளில் இயக்குநர் ஜெஃப் ஃபவுலர், உருவத்தை மாற்றுகிறோம் என்று அறிவித்தார். நவம்பரில் வர வேண்டிய படம் 2020 பிப்ரவரி 14-க்குத் தள்ளிப்போனது. சோனிக் காமிக்ஸ் வரைந்து கை பழகிய டைசன் ஹெஸ்ஸை அழைத்து வந்தார்கள். பெரிய கண், கையுறை எல்லாம் திரும்பி வந்தன. படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. (கிராஃபிக்ஸ் வேலையில் பங்கெடுத்த எம்.பி.சி. நிறுவனத்தின் வான்கூவர் கிளை 2019 டிசம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த வசூலைப் பார்க்க அந்த அலுவலகம் இல்லை.)

இந்த விபத்துக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விளக்கம் எழுதி வைத்திருந்தார். ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதிய கட்டுரை அது. ஓர் உருவம் மனித ஜாடைக்கு நெருங்க நெருங்க அதன் மேல் நமக்குப் பிரியம் கூடுகிறது. கிட்டத்தட்ட மனிதன்தான் என்கிற இடத்துக்கு வந்ததும் அந்தப் பிரியம் சட்டென்று பள்ளத்தில் விழுகிறது என்றார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று செயற்கைக் கை. பார்வைக்கு நிஜக் கை. பிடித்துக் குலுக்கினால் சில்லென்று, உள்ளே எலும்பே இல்லாததுபோல இருக்கும். உடம்பு சிலிர்த்துவிடும். முள்ளெலியின் வாயில் மனிதப் பல்லைப் பார்த்தபோது ரசிகர்களுக்கு நேர்ந்தது அதுதான். 2019 டிசம்பரில் வந்த ‘கேட்ஸ்’ படம், நடிகர்களின் முகத்தைச் சுற்றி டிஜிட்டல் ரோமம் ஒட்டிப் பூனை என்றது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் மனித ஜாடையே ஆகாதா? அப்படியும் இல்லை. மனிதத்தனத்தை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முகத்தில் அப்பினால் சறுக்குகிறது. நடத்தையில் வைத்தால் எவ்வளவு வைத்தாலும் தாங்குகிறது.

எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த சாட்சி, பேரிலேயே பல் இல்லாத ஒரு டிராகன். 2010-இல் வந்த ‘ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்’ படத்தின் டூத்லெஸ். கிரெசிடா கோவெல் எழுதிய நாவலில் அது ஒரு குட்டி டிராகன். படத்தை இயக்கிய கிறிஸ் சாண்டர்ஸும் டீன் டுபுளுவாவும் அதை ஓர் ஆளைச் சுமந்து பறக்கும் கருப்பு மிருகமாக வளர்த்தார்கள். கருஞ்சிறுத்தையின் பதுங்கல், பூனையின் சிணுங்கல், நாயின் ஆவல் எல்லாம் கலந்த உடம்பு. பல் உண்டு, ஆனால் வேண்டாதபோது ஈறுக்குள் போய்விடும். பயமுறுத்த ஒரு வாய், பழக ஒரு வாய் என்று ஒரே முகத்தில் இரண்டு. கண்மணியும் அப்படித்தான். சந்தேகம் வந்தால் கோடாகச் சுருங்கும், நம்பிக்கை வந்தால் கருவட்டமாக விரியும். வசனம் ஒன்றுகூடக் கிடையாது.

காட்டுக்குள் ஹிக்கப் என்கிற பையன் மண்ணில் டிராகனைக் கோடு கோடாக வரைகிறான். டிராகன் ஒரு மரக்கிளையைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு தானும் தாறுமாறாகக் கிறுக்குகிறது. பையன் அந்தக் கோட்டை மிதித்தால் உறுமுகிறது, காலை எடுத்தால் அடங்குகிறது. ‘நான் வரைந்ததை மிதிக்காதே’ என்று ஒரு மிருகம் நினைப்பது நமக்குப் புரிந்த நொடியில் செதிலும் சிறகும் மறந்துபோகின்றன. இன்னொன்றும் உண்டு. அதன் வாலில் ஒரு பக்கத் துடுப்பு இல்லை. அதைப் போக்கியவனே ஹிக்கப்தான். தனியாகப் பறக்க முடியாது. இத்தனை வலிமையான பிராணிக்கு இப்படி ஓர் இயலாமையைக் கொடுத்ததில்தான் இந்த வடிவமைப்பின் புத்திசாலித்தனம் இருக்கிறது. அதற்கு என்ன வேண்டும் என்பது பார்க்கிற குழந்தைக்கும் தெரியும்.

நம் சிற்பிகளுக்கும் இந்த சூட்சுமம் தெரிந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. சிங்க உடல், சில இடங்களில் யானைத் துதிக்கை, பிதுங்கிய கண், கோரைப் பல் என்று யாளியை எவ்வளவு பயங்கரமாகச் செதுக்க முடியுமோ அவ்வளவு செதுக்கினார்கள். பிறகு சில கோயில்களில் அதன் வாய்க்குள், வெளியே எடுக்க முடியாதபடி ஓர் உருளும் கல் குண்டையும் விட்டுவைத்தார்கள். அப்புறம் எந்தக் குழந்தைதான் அதன் வாயில் கையை விடாமல் இருக்கும்?

முகமே உதவாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு ராஜமௌலியின் ‘நான் ஈ’ (2012) நல்ல பாடம். ஈக்குச் சிரிக்கத் தெரியாது, அழத் தெரியாது, பேச்சும் இல்லை. மனித முகத்தை ஒட்டவைக்கும் ஆசையும் படக்குழுவுக்கு வரவில்லை. பெரிய கூட்டுக் கண்களை அப்படியே விட்டுவிட்டு, கால்களையும் தலையசைப்பையும் நம்பினார்கள். தான் யார் என்பதைக் காதலியின் கண்ணீரைத் தொட்டே மேஜையில் எழுதுகிறது அந்த ஈ. அவள் மிகச் சிறிய உருவங்கள் செய்யும் கலைஞர், ஈயின் அளவுக்கு ஒரு முகமூடி செய்து தருகிறாள். கையை வீசி விரட்ட வேண்டிய பூச்சிக்காகத் தியேட்டரே கைதட்டியது. 1986-இல் பிக்ஸார் எடுத்த ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்தின் மேஜை விளக்குக்குக் கண்ணும் கிடையாது, வாயும் கிடையாது. குனிவதும் நிமிர்வதும்தான் அதன் நடிப்பு. அதுவே போதுமாக இருந்தது.

கண்ணைப் பெரிதாக்கினால் போதும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1943-இல் சொன்ன குழந்தை ஜாடைதான் அது: பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம். பார்த்ததும் நமக்குள் பரிவு சுரந்துவிடும். பொம்மைக் கம்பெனிகளுக்கு இது தங்கச் சுரங்கம். ஆனால் இந்தச் சூத்திரத்தால் வரும் பிரியம் சுலபமாக வந்து சுலபமாகப் போய்விடுகிறது என்பது என் எண்ணம். இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ ‘த ஷேப் ஆஃப் வாட்டர்’ (2017) படத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. அவருக்கு வேண்டியது செவுளும் செதிலும் உள்ள ஒரு காதல் நாயகன். சொந்தப் பணத்தைப் போட்டு, சிற்பி மைக் ஹில்லை வைத்து உருவத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கினார். பின்பக்கம் எப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று வீட்டுப் பெண்களிடம் கருத்துக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஒரு பெண் ஏன் இவனை விரும்ப வேண்டும் என்ற கேள்வியை அவர் ஏய்க்கவில்லை. பரிசு வாங்கிய கதை எல்லோருக்கும் தெரியும்.

2019-இல் ‘த மாண்டலோரியன்’ தொடரில் வந்த குரோகு என்ற பொம்மைப் பாத்திரத்துக்கு லோரன்ஸ் சொன்ன குழந்தை ஜாடை முழுதாக உண்டு. ஆனாலும் அந்தப் பொம்மையைக் காப்பாற்றுவது காதுகள் என்பேன். பயந்தால் தொங்கும், ஆசைப்பட்டால் நிமிரும். படப்பிடிப்பில் அதைத் தூரத்திலிருந்து கருவிகள் வைத்து இயக்கினார்கள். பொம்மை சரியாக வராவிட்டால் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று, அது இல்லாமலும் ஒரு காட்சியை எடுத்துவைக்க நினைத்தார்கள். அந்தக் காட்சியில் நடித்துக்கொண்டிருந்த ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக், நீங்களெல்லாம் கோழைகள் என்று திட்டினார்.