உங்களுக்குத் தெரியுமா? தோட்ட மக்களைத் திரைக்குக் கொண்டுவந்த தொழிற்சங்கவாதி

1954இல் வெளியான ஹாலிவுட் படம் 'எலிஃபன்ட் வாக்', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் துரை பங்களாவில் இருந்துகொண்டு பார்த்தது. எலிசபெத் டெய்லர் நடித்த அந்தப் படத்தில் கொழுந்து பறித்தவர்கள் பின்னணியில்தான் நின்றார்கள். லயத்து மக்களே கதைமாந்தர்களாக ஒரு தமிழ்ப் படத்தில் வர மேலும் 21 ஆண்டுகள் ஆயின.

1975இல் திரைக்கு வந்த அந்தப் படம் 'புதிய காற்று'. தயாரித்து, முக்கிய வேடத்திலும் நடித்தவர் வி. பி. கணேசன். மலையகத் தொழிற்சங்கவாதியான அவர், மேடையில் யாருக்காகப் பேசினாரோ அவர்களுடைய வாழ்க்கைக்கே தன் பணத்தையும் முகத்தையும் கொடுத்தார். எனக்கு இதுதான் பெரிய விஷயம். இயக்கியவர் எஸ். ராமச்சந்திரன். கதை, ஊவா மண்ணில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்புடையது. தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்த பேனா அது.

தென்னிந்தியப் படங்களே கொட்டகைகளை நிறைத்திருந்த காலத்தில் கணேசன் ஒரு படத்தோடு நிற்கவில்லை. 'நான் உங்கள் தோழன்' (1978), 'நாடு போற்ற வாழ்க' (1981) என்று தொடர்ந்தார். பின்னாளில் நாடாளுமன்றம் சென்ற மனோ கணேசனும் பிரபா கணேசனும் இவருடைய மகன்கள்.