91 என்றால் எந்த 91?

நம் ஊரில் மாஸ்டா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான். ஹிரோஷிமாவைச் சேர்ந்த அந்த நிறுவனம் உலகத்தில் பேர் வாங்கியது வேறொரு காரணத்துக்காக. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, முக்கோண ரோட்டர் ஒன்று சுழன்றே இழுவை தரும் எஞ்சினை மற்றவர்கள் எல்லாரும் கைகழுவிய பிறகும் விடாப்பிடியாகக் காரில் பொருத்தி விற்றது மாஸ்டா. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட், 1978இல் ஆர்எக்ஸ்-7, 2003இல் ஆர்எக்ஸ்-8. அந்த ஆர்எக்ஸ்-8 நின்றுபோனது 2012இல். இருந்தும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தக் கார்களைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களில் இருவர் சந்தித்துவிட்டால் பேச்சு சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்துவிடும். எந்த பெட்ரோல் போடுகிறாய்?

சாதா பெட்ரோலே போதும், ரோட்டரிக்கு ஆக்டேன் ஒரு பொருட்டே இல்லை என்பது ஒரு கட்சி. பங்கில் இருப்பதிலேயே விலை கூடியதைப் போடாவிட்டால் எஞ்சின் போச்சு என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இரண்டு பேரும் பேசுவது வெவ்வேறு எஞ்சினைப் பற்றி என்பதுதான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு பேரும் வெவ்வேறு நாட்டு எண்களில் பேசிக்கொண்டிருப்பது.

எண்ணை முதலில் பார்த்துவிடுவோம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அழுத்தப்பட்டுச் சூடாகிறது. பிளக்கில் கிளம்பிய தீ பரவிக்கொண்டே வருகிறது. அந்தத் தீ வந்து சேரும்வரை, கடைக்கோடியில் இருக்கும் கலவை தானாக வெடித்துவிடாமல் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கான மதிப்பெண்தான் ஆக்டேன். ஐசோ-ஆக்டேன் என்ற ஹைட்ரோகார்பனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து 1920களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர் இந்த அளவுகோலுக்கு அடி போட்டார். ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்பது பங்கில் ஒட்டியிருக்கும் விளம்பரம் நம் மனத்தில் ஏற்றிய எண்ணம். ஒரு லிட்டர் பிரீமியம் பெட்ரோலில் சாதா பெட்ரோலை விடக் கூடுதல் ஆற்றல் எதுவும் அடைத்து வைக்கப்படவில்லை.

இந்தப் பொறுமையை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி அளந்தால் கிடைப்பது ரான் எண். 900 சுற்றில், கலவையை இன்னும் அதிகமாகச் சூடாக்கி அளந்தால் கிடைப்பது மான் எண். இது கடுமையான சோதனை என்பதால் எண்ணும் குறைவாக வரும். ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா, மலேசியா, இந்தியா எல்லாம் ரான் எண்ணைச் சொல்கின்றன. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகம் செய்த 100 ஆக்டேன் பெட்ரோலின் 100 கூட ரான் கணக்குதான். அமெரிக்காவோ ரானையும் மானையும் கூட்டி இரண்டால் வகுத்து, வருவதைப் பம்பில் ஒட்டுகிறது. ஒரே பெட்ரோலுக்கு அமெரிக்க எண் நான்கைந்து குறைவாக இருக்கும்.

இப்போது ஆர்எக்ஸ்-8இன் அமெரிக்கக் கையேட்டைப் பாருங்கள். 91 அல்லது அதற்கு மேற்பட்ட பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைக்கிறது. அதுவே ரான் கணக்கில் 96 என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. அமெரிக்க நண்பர் '91 போடுகிறேன், கார் ஜோராக ஓடுகிறது' என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு ஆஸ்திரேலியாக்காரர் தன் ஊர்ப் பங்குக்குப் போகிறார். அங்கே 91, 95, 98 என்று மூன்று வகை. மனிதர் 91ஐ நிரப்புகிறார். அமெரிக்கருக்கு 91 என்பது பிரீமியம். இவருக்குக் கிடைத்திருப்பதோ அமெரிக்கக் கணக்கில் 87, அதாவது அங்குள்ள சாதா பெட்ரோல். ஆர்எக்ஸ்-8இல் இதனால் பெரிய கேடு வராது. 87 முதல் 90 வரை போட்டாலும் ஓடும், வேகம் சற்றுக் குறையும் என்று அதே கையேடு அனுமதிக்கிறது. டர்போ வைத்த ஆர்எக்ஸ்-7இல் இதே தவறு நடந்தால் கதை வேறு.

ஏன் வேறு என்று புரிய எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ரோட்டரி எஞ்சினின் கூடு வேர்க்கடலை ஓட்டைப் போல நடுவில் லேசாக ஒடுங்கியிருக்கும். அதற்குள் சுழலும் முக்கோண ரோட்டரின் மூன்று முனைகளும் சுவரை உரசிக்கொண்டே போகும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது எப்போதும் கூட்டின் ஒரு பக்கம். எரிவது எப்போதும் மறுபக்கம். பிஸ்டன் எஞ்சினில் எரிந்து சூடேறிய அதே அறைக்குள்தான் அடுத்த கலவையும் வந்தாக வேண்டும். போதாததற்கு அங்கே எக்ஸாஸ்ட் வால்வு வேறு பழுக்கச் சூடாகி உட்கார்ந்திருக்கும். ரோட்டரியில் அந்த வால்வே கிடையாது. எரியும் அறையும் நீண்டு, தட்டையாக இருக்கிறது. கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப் பரப்பு மிக அதிகம். கடைக்கோடிக் கலவையின் சூட்டைச் சுவர் உறிஞ்சிக்கொள்வதால் அது தானாக வெடிக்கும், அதாவது நாக்கிங் வரும், வாய்ப்பு குறைகிறது. டர்போ இல்லாத ரோட்டரிக்கு ஆக்டேன் பசி குறைவு என்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. சுவர் உறிஞ்சிய சூடு வீணான சூடு. சுவரோரம் எரியாமல் தங்கும் பெட்ரோல் புகையோடு வெளியே போகிறது. ரோட்டரி எஞ்சினின் மோசமான மைலேஜும் நாக்கிங்கைத் தாங்கும் திறனும் பிறந்தது ஒரே இடத்தில்தான். இதைப் புரிந்துகொள்ளாமல், மைலேஜ் கூடுமே என்று விலை உயர்ந்த பெட்ரோலுக்குப் பணம் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் குறைந்த ஆக்டேன் பசிக்காகவே ரோட்டரியைத் தேடி வந்தவர்கள் இருந்தார்கள். பெட்ரோலின் ஆக்டேனை ஏற்ற அப்போது ஈயக் கலவை சேர்த்து வந்தார்கள். ஈயமோ, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகியபோது ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் எட் கோல், ஈயமில்லாத, ஆக்டேன் குறைந்த பெட்ரோல்தான் இனி என்று முடிவெடுத்து, 1971 மாடல் கார்களின் அழுத்த விகிதத்தையே குறைக்கச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு ரோட்டரி உரிமத்தையும் வாங்கியிருந்தது அந்த நிறுவனம். ஆக்டேன் குறைந்த பெட்ரோலில் ஓடும், உருவில் சிறியது, அதிர்வு இல்லாதது, வேறென்ன வேண்டும்? 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மைலேஜ் என்ற ஒரே கேள்வியில் எல்லாம் சரிந்தது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் ஓரங்கட்டப்பட்டது.

மாஸ்டா மட்டும் நின்றது. டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-7 கார்களை அமெரிக்காவில் 87 எண்ணுக்கே விற்றது. அந்தக் கார் உங்களிடம் இருந்தால், எஞ்சினும் மாற்றமின்றி அப்படியே இருந்தால், பிரீமியம் போடுவது காசைக் கரியாக்குவது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது 1991இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 பற்றித்தான். ரசிகர்கள் எஃப்டி என்பார்கள். தலா 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ, அழுத்த விகிதம் 9. டர்போ காற்றை அமுக்கித் திணிக்கும்போதே காற்று சூடாகிவிடுகிறது. தட்டையான அறை தந்த சலுகை அத்தனையும் அங்கேயே செலவாகிவிடும். கையில் மிச்சமிருப்பது பெட்ரோலின் பொறுமை மட்டும்தான்.

அந்தப் பொறுமை போதாமல் நாக்கிங் வந்தால் அடி விழுவது அபெக்ஸ் சீல் மீது. ரோட்டரின் ஒவ்வொரு முனையிலும், பிஸ்டன் ரிங் செய்யும் வேலையைச் செய்யும் மெல்லிய இரும்புப் பட்டை அது. இரண்டு ரோட்டருக்கு ஆறு. ஒவ்வொன்றின் தடிமன் 2 மில்லிமீட்டர். அடியில் தாங்கிப் பிடிப்பது சின்ன ஸ்பிரிங். பிஸ்டன் எஞ்சின் சற்று நேரம் நாக்கிங் அடித்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நம் பழைய கார்கள் மேட்டில் ஏறும்போது கடகடவென்று அடித்தபடியே பல வருடம் ஓடின. எஃப்டியில் பலமான ஒரு நாக்கிங்கே சீலை உடைக்கப் போதும். உடைந்த சில்லு கூட்டின் குரோம் பூச்சைக் கீறும், ரோட்டரைக் குத்தும், எக்ஸாஸ்ட் வழியே பாய்ந்து டர்போவின் இறக்கையையும் பதம் பார்க்கும். அப்புறம் எஞ்சினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. எஃப்டிக்கு அது ஓடும் ஊரில் கிடைப்பதிலேயே உயர்ந்த ஆக்டேன்தான். விலை வித்தியாசத்தைக் கணக்குப் பார்க்கிறவர் இந்தக் காரை வாங்கக் கூடாது.

உயர்ந்ததைப் போட்டாலும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஜப்பானில் 'ஹை-ஆக்' என்று விற்கும் பெட்ரோலுக்குத் தரக்கட்டுப்பாடு கேட்பது குறைந்தது 96 ரான்; பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 98, 100. எஃப்டி பிறந்ததும், ஜப்பானிய டியூனர்கள் அதை முறுக்கேற்றியதும் அந்தப் பெட்ரோலை நம்பி. 25 வருடம் கடந்த கார் என்பதால் அமெரிக்கா இப்போது இவற்றை இறக்குமதிக்கு அனுமதிக்கிறது, ஆசையோடு வரவழைக்கிறார்கள். கலிபோர்னியாவில் பிரீமியம் என்றால் 91, அதாவது 95, 96 ரான். கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் 93 கிடைக்கும். ஹிரோஷிமாவில் 100 குடித்துப் பழகிய எஞ்சினுக்கு லாஸ் ஏஞ்சலஸ் பங்கின் உச்சமே நாலைந்து எண் குறைவு. கார் கப்பலில் வந்து இறங்கியதும் எஞ்சின் கம்ப்யூட்டரை உள்ளூர்ப் பெட்ரோலுக்கு ஏற்பத் திருத்த வேண்டும், அல்லது டர்போ திணிக்கும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் குறைக்க வேண்டும். புதிய பெயிண்ட், புதிய வீல் என்று செலவழிப்பவர்கள் இதைத் தள்ளிப்போடுவது வேடிக்கை. ராக்கி மலைப் பகுதியில் 85 எண் பெட்ரோல்கூட விற்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிவதால் சாதாரண கார்கள் அதில் தப்பிக்கலாம்; மெலிந்த காற்றையும் அமுக்கிச் சரிக்கட்டும் டர்போ காருக்கு அந்தச் சலுகையில் பங்கில்லை.

ஆக்டேனை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் முடியாது. சத்தத்துக்காக எக்ஸாஸ்ட் குழாயைப் பெரிதாக்கினால் பூஸ்ட் தானாக ஏறிவிடும். காற்று கூடும், பெட்ரோல் பம்ப் பழையதாக இருந்தால் அதற்கேற்ற பெட்ரோல் வராது. கலவை வறண்டுபோகும். அந்த நிலையில் 100 ஆக்டேன் ஊற்றினாலும் சீல் உடையும். உடைந்த எஃப்டி எஞ்சின்களின் வரலாற்றைத் தோண்டினால் பாதி இடத்தில் இந்த எக்ஸாஸ்ட் ஆசைதான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆர்எக்ஸ்-8, டர்போ இல்லாத ஆர்எக்ஸ்-7க்கும் எஃப்டிக்கும் நடுவில் நிற்கிறது. டர்போ இல்லை, ஆனால் அழுத்த விகிதம் 10. நாக்கிங்கைக் கேட்கும் சென்சார் இருப்பதால் சாதா பெட்ரோல் போட்டால் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். நகரத்துக்குள் நிதானமாக ஓட்டுபவர் வித்தியாசத்தை உணர்வதே கடினம். முள்ளை 9,000 சுற்று வரை விரட்டுகிறவர் பிரீமியமே போடட்டும்.

இந்தக் கார் விஷயத்தில் பரவலாகச் சுற்றும் ஒரு வாதத்தையும் சொல்ல வேண்டும். ஆக்டேன் கூடிய பெட்ரோல் மெதுவாக எரியும், ரோட்டரியின் நீண்ட அறையில் அது முழுதாக எரியாது, கரி பிடிக்கும், ஆகவே சாதாவே நல்லது என்பது அந்த வாதம். கேட்க அழகாக இருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் பெட்ரோலை விட மிக அதிகம்; எரியும் வேகத்திலும் அது பெட்ரோலுக்குப் பின்தங்குவதில்லை. பொறுமைக்கான மதிப்பெண்ணிலிருந்து வேகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கரி பிடிப்பது உண்மை, காரணம் வேறு. சீல்கள் தேயாமலிருக்க ரோட்டரி எஞ்சின் தன் எஞ்சின் ஆயிலையே சொட்டுச் சொட்டாக அறைக்குள் விட்டு எரிக்கிறது. ஆயில் தள்ளுவது இங்கே கோளாறு இல்லை, வடிவமைப்பு. அந்த ஆயில் கரியாகிறது, கலவையின் ஆக்டேனையும் லேசாக இறக்குகிறது. படிந்த கரி கனன்று, பொறி வருமுன்பே பற்றவைக்கவும் கூடும். சுத்தம் செய்யும் டிடர்ஜென்ட் பெட்ரோலில் தனியாகச் சேர்ப்பது. ஆக்டேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் சூடேறிய பிறகு அவ்வப்போது முள்ளைச் சிவப்புக் கோடு வரை ஏற்றி ஓட்டுவதும், பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவைப் பார்ப்பதும் விலையுயர்ந்த பெட்ரோலை விட அதிகப் பலன் தரும்.

2023இல் மாஸ்டா ரோட்டரியைத் திரும்பக் கொண்டுவந்தது. எம்எக்ஸ்-30 காரில் 830 சிசி ஒற்றை ரோட்டர், சக்கரத்தைச் சுழற்றாமல் பேட்டரிக்கு மின்சாரம் செய்து தருகிறது. அழுத்த விகிதம் 11.9, பெட்ரோலை நேராக அறைக்குள் பீய்ச்சிக் கலவையைக் குளிர்விப்பதால் அவ்வளவு தூரம் போக முடிகிறது. அபெக்ஸ் சீலின் தடிமனை 2.5 மில்லிமீட்டராக ஏற்றிவிட்டார்கள்.

ஜப்பானிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பழைய ரோட்டரி கார் ஒன்றை வாங்க நினைத்தால் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். கார் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது, கம்ப்யூட்டரை யாராவது திருத்தியிருக்கிறார்களா, திருத்தியிருந்தால் எந்தப் பெட்ரோலுக்கு. பிறகு ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அளவு வர வேண்டும், மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ தாழ்ந்திருந்தால் ஏதோ ஒரு சீல் போய்விட்டது என்று பொருள். எந்த எண் பெட்ரோலாலும் அதைச் சரிசெய்ய முடியாது.