சூரியக் குடும்ப வானியல்: இறுதித் தேர்வுக்கு ஆயத்தமாதல்

சூரியக் குடும்ப வானியல் என்பது சூரியன், அதைச் சுற்றிவரும் எட்டுக் கோள்கள், அவற்றின் நிலவுகள், குறுங்கோள்கள், சிறுகோள்கள், வால்வெள்ளிகள் ஆகியவற்றைப் பற்றிய பாடமாகும். இப்பாடத்தின் இறுதித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் பலர் விட்டம், தொலைவு, நிலவுகளின் எண்ணிக்கை என எண்களை மனப்பாடம் செய்வதிலேயே காலத்தைச் செலவிடுகின்றனர். புதிய நிலவுகள் கண்டறியப்படுவதால் அந்த எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கிறது. சில அடிப்படைக் காரணங்களைப் புரிந்துகொண்டால் பெரும்பாலான விடைகளை அவற்றிலிருந்தே வருவிக்கலாம்.

தொலைவிலிருந்து தொடங்குதல்

சூரியனுக்கும் புவிக்கும் இடையிலான சராசரித் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். இதுவே ஒரு வானியல் அலகு. இந்த அலகில் புதன் 0.4, வெள்ளி 0.7, புவி 1, செவ்வாய் 1.5, வியாழன் 5.2, சனி 9.5, யுரேனசு 19, நெப்டியூன் 30 என்ற தொலைவுகளில் உள்ளன. மனப்பாடம் செய்யத்தக்க எண்கள் இவையே.

கோள்கள் இரு வகையாகப் பிரிந்ததற்கும் தொலைவே காரணம். கோள்கள் உருவான காலத்தில் சூரியனுக்கு அருகில் வெப்பம் மிகுதியாக இருந்ததால் பாறையும் உலோகமும் மட்டுமே திண்மமாக நின்றன. எனவே உட்கோள்கள் நான்கும் சிறியவை, பாறையால் ஆனவை. செவ்வாய்க்கு அப்பால் நீரும் உறைந்து பனிக்கட்டியானது. அதனால் அங்கு பெரிய கருக்கள் உருவாகி, ஐதரசன், ஈலியம் வளிமங்களை ஈர்த்துக்கொண்டன.

கெப்ளரின் மூன்றாம் விதி

கெப்ளர் 1619-இல் வெளியிட்ட இவ்விதியின்படி, சுற்றுக்காலத்தை ஆண்டிலும் சராசரித் தொலைவை வானியல் அலகிலும் எடுத்துக்கொண்டால், சுற்றுக்காலத்தின் வர்க்கம் தொலைவின் கனத்துக்குச் சமம். 4 வானியல் அலகு தொலைவிலுள்ள சிறுகோளுக்கு, 4-இன் கனம் 64. அதன் வர்க்கமூலம் 8. ஆகவே அது சூரியனைச் சுற்ற 8 ஆண்டுகள் ஆகும். வியாழனுக்கு இதே முறையில் ஏறத்தாழ 11.9 ஆண்டுகள் கிடைக்கும். இந்த எளிய வடிவம் சூரியனைச் சுற்றும் பொருள்களுக்கே பொருந்தும். புவியைச் சுற்றும் நிலவுக்கு இதை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

மதிப்பெண் இழக்கும் இடங்கள்

பருவகாலம்: புவி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரித் தொடக்கத்தில், அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம். எனவே பருவங்களுக்குத் தொலைவு காரணமன்று, புவியின் 23.5 பாகை அச்சுச் சாய்வே காரணம்.

பிறைகள்: நிலவின் தேய்வுக்குப் புவியின் நிழல் காரணமன்று. நிலவின் ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு நமக்குத் தெரிகிறது என்பதே பிறையின் வடிவைத் தீர்மானிக்கிறது. புவியின் நிழல் நிலவின் மீது விழுவது சந்திர கிரகணம். நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் நிகழ்வதில்லை.

வெப்பம்: மிக வெப்பமான கோள் புதன் அன்று, வெள்ளி. அதன் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலம் வெப்பத்தைத் தக்கவைப்பதால் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 465 பாகை செல்சியசாக உள்ளது.

புளூட்டோ: 2006-இல் இது குறுங்கோளாக வகைப்படுத்தப்பட்டது. இதற்கு அதன் சிறிய உருவம் மட்டும் காரணம் என எழுதினால் விடை முழுமையாகாது. அது சூரியனைச் சுற்றுகிறது, உருண்டை வடிவிலும் உள்ளது. ஆனால் தன் சுற்றுப்பாதையிலுள்ள பிற பொருள்களை அகற்றவில்லை என்பதே முதன்மைக் காரணம்.

படிக்கும் முறை

ஒவ்வொரு பாடத்தையும் படித்தபின் நூலை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் படம் வரைந்து, "ஏன்" என்ற வினாவுக்கு இரண்டு வரிகளில் விடை எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியாத இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம். பிறைகளைப் புரிந்துகொள்ள, இருண்ட அறையில் ஒரு விளக்கும் ஒரு பந்தும் போதும். பந்தைக் கையில் நீட்டிப் பிடித்து மெல்லச் சுழன்றால் எல்லாப் பிறைகளும் வரிசையாகத் தெரியும்.

மூன்றாம் பிறை அந்தி வேளையில் மேற்கு வானில் தெரிவதும், முழுநிலவு அதே வேளையில் கிழக்கில் எழுவதும் ஏன் என்பதைப் படம் வரைந்து விளக்க முடிந்த மாணவருக்கு, பிறைகளைப் பற்றிய வினா எந்த வடிவில் வந்தாலும் விடை எழுதுவது கடினமாக இராது.